துண்டும் பெட்டியும்

ஓப்பநாயக்கவுக்கு ஒரு காலத்தில் புகையிரதம் வந்தது என்று சொன்னால் இன்றைய மாணவர்கள் எம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இரத்தினபுரிக்கும் பலாங்கொடைக்கும் இடையே வீதியோரத்தில் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பதே அவர்கள் அறிந்த பயணம். எனினும் 1912ஆம் ஆண்டு தொடக்கம், கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி வழியாகக் களனிவெளிப் பாதையில் வந்த சின்னஞ்சிறு வண்டி இளைப்பாறிய கடைசி நிலையம் இவ்வூரேதான். தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி அகலம் மட்டுமே. 1970களில் இப்பகுதிப் பாதை மூடப்பட்டது. எஞ்சிய பாதை பின்னர் அகலமாக்கப்பட்டதாயினும், வண்டிகள் அவிசாவளையோடு திரும்பிவிடுகின்றன.

கடைசி நிலையம் என்றால் பெட்டி படுக்கைகளின் ஊர் என்று பொருள். சுற்றிலுமுள்ள தேயிலை, றப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்களும் அவற்றைவிட்டுப் போனவர்களும் தங்கள் தகரப் பெட்டிகளை இங்குதான் ஏற்றினார்கள், இறக்கினார்கள். 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்கள் பங்கிடப்பட்டபோது, எமது பெரியம்மா இந்தப் பங்கிலும் சித்தி அந்தப் பங்கிலுமாக விழுந்தனர். 1970இல் சித்தி கணவனோடும் குழந்தைகளோடும் இங்கே வண்டியேறினார். கொழும்பு, தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம், அதன்பின் மண்டபம் முகாம். அதுவே அன்றைய வழி. அந்தக் கப்பலும் 1984இல் நின்றுபோயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், அச்சித்தியைக் காணப் பெரியம்மாவை அழைத்துச் சென்றோம். நாம், எம் மனைவி, பெரியம்மா ஆக மூவர். கட்டுநாயக்காவில் விமானம் ஏறிக் காலையிலேயே சென்னையில் இறங்கிவிட்டோம். கோத்தகிரிக்குப் போகவேண்டிய எமக்கு மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில்தான். இடையே பகல் முழுவதும் கையில் இருக்கிறது. கடற்கரையைப் பார்க்கலாம், கபாலீசுவரரைத் தரிசிக்கலாம். ஆனால் மூட்டை முடிச்சுகளோடு கடற்கரைக்குப் போவார் உண்டோ?

வெளிநாடு செல்லும் நம்மவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒருவர் காவலிருக்க மற்றவர் ஊர் பார்ப்பது, அல்லது அறிமுகமில்லாத கடைக்காரரிடம் கெஞ்சுவது என்று பொழுதைப் போக்குகிறார்கள். பெரிய புகையிரத நிலையங்களில் இதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. இந்தியாவில் அதனைக் குளோக் ரூம் என்பர். கொழும்புக் கோட்டையிலும் அப்படி ஒன்று உண்டு. பொதியைக் கொடுத்துச் சீட்டைப் பெற்று, திரும்பி வந்து சீட்டைக் கொடுத்துப் பொதியைப் பெறவேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

சென்னை சென்ட்ரல் நிலையத்தில் அந்த அறையின் முன் போய் நின்றோம். பயணச் சீட்டைக் கேட்டார்கள், காட்டினோம். கடவுச்சீட்டைக் கேட்டார்கள், அதையும் காட்டினோம். எமது இரு பெட்டிகளும் உள்ளே போயின. பெரியம்மாவின் ரெக்சின் பை வந்ததும் அலுவலர் தலையை அசைத்தார். பையைச் சுற்றி ஓப்பநாயக்கக் கடையில் வாங்கிய கயிறு ஐந்து சுற்றுச் சுற்றியிருந்தது. பூட்டுத்தான் இல்லை. பூட்டாத பொதியை ஏற்பதில்லை என்பது இந்திய ரயில்வேயின் விதி. அவர் கடிந்துகொள்ளவில்லை. "வெளியில பூட்டு விக்கிறாங்க, வாங்கிட்டு வாங்க சார்" என்று வழி சொன்னார். நாமும் ஓடிப்போய் விரலளவு பூட்டொன்றை வாங்கி வந்தோம். வந்து பார்த்தால், பெரியம்மா பையின்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"பெரியம்மா, எழும்புங்க. பூட்டிக் கொடுத்துவிடலாம்."

"நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க மகன். நான் இங்கனயே இருக்கேன்."

"துண்டு தருவார்கள், பெரியம்மா. பயமில்லை."

"துண்டா?" என்றார் அவர். "ஒங்க சித்திக்குந்தான் துண்டு குடுத்தாங்க."

அந்தக் கதை எமக்குத் தெரியும். ஆனால் அதனை மறந்துதான் பேசிவிட்டோம். 1970இல் சித்தியின் குடும்பம் கொண்டுசென்ற மூன்று பெட்டிகளில் பெரியது ஒன்றைத் தனிச் சரக்காக அனுப்பவேண்டும் என்று வழியில் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தார்கள், துண்டும் பெற்றார்கள். பெட்டி முகாமுக்கு வந்து சேரவேயில்லை. எங்கே, யார் கையில் தவறியது என்பது இன்றுவரை தெரியாது. கூறைச்சேலையும், பித்தளைப் பாத்திரங்களும், எம் பாட்டனாரின் படமும் அதற்குள் இருந்தன.

துண்டு என்னும் சொல்லைத் தோட்டத்து மக்கள் சாதாரணமாகக் கேட்பதில்லை. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமாயின், அவன் பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு முன்பு வேண்டியிருந்தது. துண்டு இல்லையேல் வேறு தோட்டம் இல்லை. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர் குடியுரிமைக்கு மனு, மனுவுக்குப் பற்றுச்சீட்டு, பயணத்துக்குப் பத்திரம் என்று காகிதங்கள் மாறிமாறி வந்தன. இப்படி வளர்ந்த ஒருவரிடம், "பெட்டியைக் கொடு, காகிதம் தருகிறேன்" என்றால் அவர் பெட்டிமேல் உட்காராமல் வேறென்ன செய்வார்?

கடற்கரை போயிற்று. கபாலீசுவரரும் போனார். மூவரும் பயணிகள் கூடத்தில் அமர்ந்து இட்டிலி தின்றோம். பொழுது போகவேண்டுமே என்று, மேல்நாடுகளில் பொதி வைக்கும் விந்தையைப் பெரியம்மாவுக்கு எடுத்துச் சொன்னோம். அங்கே சுவரோடு சுவராக இரும்பு அறைகள் நிரை நிரையாக இருக்கும். பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, காசு போட்டால் திறப்பு கையில் வரும். இக்காலத்தில் பலவற்றில் திறப்புக்கூட இல்லை. குறியெண் அச்சிட்ட சீட்டு வரும், அல்லது பயண அட்டையே திறப்பாகிவிடும்.

"ஆளே இருக்க மாட்டாங்களா?"

"இருக்க மாட்டார்கள்."

"அப்போ காணாமப் போனா யார்கிட்ட கேக்கிறது?"

இந்தக் கேள்விக்கு எம்மிடம் நல்ல விடை இருக்கவில்லை. ஐரோப்பிய நகரொன்றின் நிலையத்தில் ஒருமுறை பெட்டியை வைத்துவிட்டு, மாலையில் வந்து எந்த வரிசை என்று தெரியாமல் அரை மணி நேரம் இரும்புக் கதவுகளுக்கு இடையே அலைந்தோம். எல்லாக் கதவும் ஒரே நிறம். இலக்கத்தையும், எந்த வாயிலின் பக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளாதது எமது பிழை. இப்போதெல்லாம் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் இன்னும் சிலவற்றையும் அறிந்திருத்தல் நன்று. ஜப்பானில் பல நிலையங்களில் நாட்கணக்கு நள்ளிரவோடு மாறும்; மாலையில் வைத்து மறுநாட் காலையில் எடுத்தால் இரண்டு நாள் கட்டணம். அங்கும் ஜேர்மனியிலும் பொதுவாக மூன்று நாளுக்கு மேல் விட்டுவைத்தால் பொதியை அகற்றி வேறிடத்தில் வைத்துவிடுவார்கள். அறை எத்தனை மணிக்குச் சாத்தப்படும் என்பதை வைக்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும். கடவுச்சீட்டு, பணம், மருந்து இம்மூன்றையும் எந்தப் பூட்டையும் நம்பி விட்டுச் செல்லலாகாது.

ஆளில்லாத இரும்பறைகள் எல்லா நாட்டிலும் நிலைக்கவில்லை. 1939 ஜூலையில் இலண்டன் கிங்ஸ் கிராஸ், விக்டோரியா நிலையங்களின் பொதியறைகளில் குண்டுகள் வெடித்தன. 1975 டிசம்பரில் நியூயோர்க் லாகார்டியா விமான நிலையத்தில் பொதி வைக்கும் பெட்டகமொன்றில் வைத்த குண்டு 11 பேரைக் கொன்றது. அவ்வளவு தூரம் போவானேன்? நாம் அன்று காலை இறங்கிய அதே மீனம்பாக்கத்தில், 1984 ஆகஸ்ட் 2ஆம் நாள், உரியவர் இல்லாத பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் மாண்டனர். இலங்கைப் பயணிகளும் அவர்களுள் இருந்தனர். இலண்டனின் பெரிய நிலையங்களில் இன்று பொதியை ஊடுகதிரில் பார்த்த பின்னரே ஆட்கள் கையேற்கிறார்கள். நமது பெட்டியை ஒருவர் சந்தேகத்தோடு நோக்கும்போது முகஞ் சுளிக்க எமக்கு மனம் வருவதில்லை.

மாலையில் எமது இரு பெட்டிகளையும் மீட்டோம். பெரியம்மா அவற்றைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். "எல்லாம் இருக்குதே" என்றார், நம்பாதவர் போல.

கோத்தகிரியில் சித்தி வாசலிலேயே நின்றிருந்தார். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். அக்காளும் தங்கையும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பெரியம்மா அந்த ரெக்சின் பையை அவிழ்த்தார். மாசிக் கருவாடு வந்தது. தேயிலைத்தூள் வந்தது, தேயிலை மலைக்கே தேயிலைத்தூள்! அடியில், இரண்டு சேலைகளுக்கு நடுவே, கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு படம். எம் பாட்டனார் கோட்டும் தலைப்பாகையுமாக நின்றார். குடும்பத்தில் எஞ்சியிருந்த மற்றொரு பிரதி அதுதான். பெரியம்மா சென்னையில் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாமும் அந்தப் பையைப் பூட்டி உள்ளே தள்ளப் பார்த்தோமே என்று எம் மனைவி எம்மைத் திரும்பிப் பார்த்தார்.

சித்தி படத்தை மடியில் வைத்தபடியே உள்ளே போய், சாமிப் படத்தின் பின்னிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். அதே துண்டு. மடித்த இடமெல்லாம் கிழிந்து, மை மங்கி, ஓர் இலக்கம் மட்டும் அரைகுறையாய்த் தெரிந்தது. "தூக்கிப் போட மனசு வரல" என்றார்.

பத்து நாள் கழித்துச் சென்னைக்கு மீண்டோம். விமானம் மாலையில். இம்முறை பெரியம்மா தாமாகவே பையை அறைக்குக் கொண்டுசென்றார். நாம் வாங்கிய சிறு பூட்டு தொங்கிற்று. கயிறும் அப்படியே இருந்தது. துண்டை எம்மிடம் தர மறுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். மயிலாப்பூரில் இருமுறையும், கடற்கரையில் நான்கு முறையும் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்ததை எண்ணிக்கொண்டோம். அலை காலை நனைத்தபோது துண்டு நனையாதிருக்க முந்தானையை உயரத் தூக்கிப் பிடித்தார்.

திரும்பி வந்து முடிச்சை அவிழ்த்தார். அலுவலர் கை நீட்டினார். பெரியம்மா கொடுக்கவில்லை.

"இதையும் வாங்கிக்கிடுவாங்களா மகன்?"

"கொடுத்தால்தான் பை வரும், பெரியம்மா."

அவர் கொடுத்தார். அலுவலர் அதனை மேசைமேலிருந்த கம்பியில் மற்றத் துண்டுகளோடு குத்திவிட்டு, பையை எடுத்துவர உள்ளே போனார். பை வந்து காலடியில் இறங்கும்வரை பெரியம்மா அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.