கைமாறிய சில்லு

சலவை இயந்திரத்திலும் மின்மானியிலும் ஒளிந்திருந்து அவற்றை இயக்கும் சிறு சில்லுக்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். அதற்கு நிரல் எழுதுவதே இப்புனே நகரில் என் பிழைப்பு.

2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம், தன் போட்டியாளரான அட்மெல் நிறுவனத்தை ஏறக்குறைய 356 கோடி டாலருக்கு வாங்கிற்று. அட்மெலின் ஏவிஆர் சில்லையே நம்பியிருந்த எங்களை அச்சம் பற்றிக்கொண்டது. மைக்ரோசிப்புக்குப் பிக் என்னும் சொந்தச் சில்லு உண்டு. மாற்றாள் பிள்ளையை அது பேணுமோ என்று ஐயுற்றோம்.

பேணியது என்பதே உண்மை. ஏவிஆர் மறையவில்லை, புதிய வகைகளும் பிறந்தன. மாறியவை கருவிகளே. நாங்கள் பழகியிருந்த அட்மெல் ஸ்டூடியோ 2020-இல் மைக்ரோசிப் ஸ்டூடியோ ஆயிற்று; பின்னர் எம்பிலேப் பக்கம் திரும்புமாறு நிறுவனமே அறிவுறுத்தலாயிற்று. புதிய சில்லுகளில் நிரல் ஏற்றும் முறையும் வேறாகவே, பழைய ஏற்றுகருவிகள் பல அவற்றுக்கு உதவவில்லை.

குடிபெயர்ந்து வாழும் நமக்கு இது விளங்காததன்று. வீட்டுக்காரர் மாறிய அன்றே குடியிருப்பவர் வெளியேற வேண்டுவதில்லை. ஆனால் வீட்டின் விதிகள் ஒவ்வொன்றாய் மாறும். ஆதலின் இத்துறைக்கு வரும் நம் பிள்ளைகள் கருவியோடு நில்லாது சில்லின் இயல்பையும் கற்கட்டும். நிரலில் சில்லைத் தொடும் பகுதியைத் தனியே பிரித்து எழுதட்டும். சில்லு எவர் கைக்கு மாறினும், உழைப்பின் பெரும்பகுதி அவர்களிடமே தங்கும்.