மடங்காத மூடி

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தங்கச்சியின் மகன், நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாயைத் திறந்து எங்கள் வீட்டுத் தரையில் கவிழ்த்தான். வட்ட வட்டமாக முப்பது அட்டைகள், கூடவே தடித்த உலோக வட்டு ஒன்று.

"மாமா, இதுக்குப் பேர் பொக். பழைய சாமான் கடையில அப்பா வாங்கித் தந்தவர். எப்பிடி அடிச்சா வெல்லலாம் எண்டு தெரியுமோ?"

பொக் வட்டுகளை அன்றைக்குத்தான் முதல் தடவை கையில் எடுத்தேன். ஆனால் அடிக்கும் விதம் எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன் இதே பாமன்கடையில் படித்தது அது.

விதி சின்னது. இருவரும் சம எண்ணிக்கையில் அட்டைகளைப் போட்டு, படம் கீழே இருக்க ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். உலோக வட்டால் அந்த அடுக்கின்மேல் அடிக்கவேண்டும். மலர்ந்து படம் காட்டும் அட்டைகளெல்லாம் அடித்தவருக்கு. மலராதவற்றை மறுபடி அடுக்க, அடுத்தவர் அடிப்பார். மருமகன் தோள்வரை கையை ஓங்கி நட்டநடுவில் அடித்தான். அடுக்குச் சிதறியது. மலர்ந்தவை இரண்டே இரண்டு.

இந்த ஆட்டம் உருவான இடம் ஹவாய்த் தீவுகள். பால் போத்தலை மூடிவந்த மெழுகு பூசிய அட்டை மூடிகளை அந்தக் காலத்துப் பிள்ளைகள் சேர்த்து விளையாடியிருக்கிறார்கள். பிறகு அது மங்கிப்போயிற்று. 1991 இல் ஓவாஹு தீவின் வயலுவா ஆரம்பப் பாடசாலையில் பிளொஸம் கல்பிசோ என்ற ஆசிரியை, தான் சிறுவயதில் ஆடியதைத் தன் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து மறுபடி பற்றிக்கொண்டது. பெயர் வந்தது ஒரு பழச்சாற்றிலிருந்து. மாவுய் தீவின் ஹலேயாகலா பால்பண்ணை 1971 இல் பாஷன்புரூட், தோடம்பழம், கொய்யா மூன்றையும் கலந்து ஒரு சாறு விற்கத் தொடங்கியது. அந்த மூன்று பழங்களின் ஆங்கில முதலெழுத்துகள்தான் 'பொக்'. அந்தப் பண்ணைக்கு மூடிகளை அச்சடித்துக் கொடுத்த ஸ்டான்பாக் நிறுவனம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறது, மருமகனின் ஊர்ப்பக்கம். சொன்னதும் அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

உலகத்துப் பிள்ளைகளை இந்த ஆட்டம் பிடித்தாட்டிய காலம் 1994, 95. நாங்கள் அப்போது யாழ்ப்பாணத்தில். பொருளாதாரத் தடைக்குள் சோடா என்பது கலியாண வீட்டுச் சாமான். 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் புறப்பட்டு, வன்னியில் சில மாதம் இருந்து, வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்து பாமன்கடையில் ஓர் அனெக்ஸ் வீட்டில் ஒதுங்கினோம். எனக்குப் பத்து வயது. பொலிஸ் பதிவு இல்லாமல் வெளியே போகாதே என்பார் அம்மா. போகக்கூடிய தூரம் ஒழுங்கை முனையில் இருந்த சைவக் கடைவரை.

அந்தக் கடையில் ஒரு மரத்தூணில் போத்தல் திறப்பான் ஆணியடித்து வைத்திருந்தார்கள். கீழே ஒரு பால்மா ரின். எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர், நெக்டோ, கிறீம் சோடா, ஒரேஞ்ச் பார்லி, இவற்றோடு ஹைலண்ட் பால் என்று எல்லா மூடியும் அதற்குள் விழும். கண்ணாடிப் போத்தலில் வருகிற ஹைலண்ட் பாலுக்கும் சோடாவுக்குப் போல தகர மூடிதான். பின்னேரம் ஆறு மணிக்கு அந்த ரின் நிறைந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு வருஷம் சேர்த்தாலும் கிடைக்காத செல்வம் அது.

கடையில் வேலைக்கு நின்றவர் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஓர் அண்ணை. அவருக்கே பதினைந்து வயதுதான் இருக்கும். முதல்நாள் நான் ரின்னுக்குள் கைவிட்டதும் தடுத்தார்.

"அதெல்லாம் வேணாம் தம்பி. மடங்கிப்போன மூடி. நில்லுங்க, நல்லதா எடுத்துத் தாரேன்."

ஒரு பால் போத்தலைத் தூணில் கொடுத்தார். எல்லோரும் செய்வதுபோல் ஒரே இழுவையில் இழுக்கவில்லை. இடப்பக்கம் மெல்ல ஒரு நெம்பு. போத்தலைக் கையிலே பாதி சுற்றினார். வலப்பக்கம் இன்னொரு நெம்பு. காற்றுச் சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. மூடி அவருடைய உள்ளங்கையில் விழுந்தது, தொழிற்சாலையில் வைத்தபடியே.

"ஒரே பக்கம் நெம்பினா நடுவுல மடங்கிரும். மடங்குன மூடி தரையில குந்தாது. குந்தாதத அடுக்க முடியாது. அடுக்க முடியாட்டி எப்படி வெளாடுவீங்க?"

வெல்லும் வழி அடிக்கிற நேரத்தில் தொடங்குவதில்லை, போத்தலைத் திறக்கிற நேரத்திலேயே தொடங்குகிறது என்று அவர்தான் எனக்குக் காட்டினார். அதை நான் இன்றுவரை நம்புகிறேன்.

அந்த மூடிகளை அம்மிக் குழவியால் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றித் தட்டிப் பற்களை விரித்துத் தட்டையாக்குவோம். அவசரப்பட்டு ஒரே அடி அடித்தால் பற்கள் உள்ளே மடிந்துபோகும். ஒரு மூடிக்கு 21 பல். 1892 இல் பால்ட்டிமோரில் வில்லியம் பெயின்டர் இந்த மூடிக்குக் காப்புரிமை பெற்றபோது 24 வைத்திருந்தார், பின்னாளில் குறைத்துவிட்டார்கள். அடிக்கிற மூடியை மட்டும் தட்டையாக்குவதில்லை. குழிவுக்குள் மெழுகுதிரியை உருக்கி ஊற்றி ஆறவைப்போம். 1996 இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியதால் கொழும்பிலும் மணிக்கணக்காக மின்வெட்டு, வீட்டுக்கு வீடு மெழுகுதிரி. நியூயோர்க் தெருக்களில் சோடா மூடியைச் சுண்டி ஆடும் பிள்ளைகளும் இப்படியே மெழுகு அல்லது கிரேயோன் உருக்கி ஊற்றுவார்கள் என்று வெகுகாலம் கழித்து வாசித்தபோது, ஏனென்று தெரியாத ஒரு சந்தோஷம் வந்தது.

இரவு கடை சாத்தும் நேரம் அண்ணையோடு ஓர் ஆட்டம். ஈரத்துணியால் துடைத்த சிமெந்துத் தரை. எங்களில் சில பெடியள் அளாப்புவார்கள், மலராததைக் கால்விரலால் மலர்த்துவார்கள். அவர் பார்த்தும் பேசாமல் இருப்பார். தன்முறை வந்ததும் குந்தியிருந்து, முழங்கைக்கு மேல் கையை அசைக்காமல், மணிக்கட்டால் மட்டும் ஒரு சுண்டு. மூடி அடுக்கின் விளிம்பில் ஒரு நகத்தளவு சரிந்து விழும். ஐந்தாறு மூடிகள் ஒரு பக்கமாக எழுந்து புரளும். "நடுவுல அடிச்சா தரைக்குத்தான் வலிக்கும் தம்பி," என்பார்.

காரணம் இப்போது விளங்குகிறது. நடுவில் விழுந்த அடியின் வேகம் நேரே தரைக்கு இறங்கித் திரும்பி வருகிறது. அது அடுக்கைத் தூக்கும், ஆனால் புரட்டாது. புரளுவதற்கு ஒரு பக்கம் முந்தி எழவேண்டும். பாரம் கூடினால் வெற்றி கூடும் என்று நினைப்பதும் பிழை. பாரம் கூடக்கூட மணிக்கட்டு தன் வசத்தில் இருக்காது. தரையும் பார்க்கவேண்டும். சீமெந்து உதைக்கும், கம்பளம் அடியை விழுங்கிவிடும்.

அண்ணை வென்ற மூடிகளை வைத்துக்கொண்டதில்லை. ரின்னுக்குள் போட்டுவிட்டு, "நாளைக்கு வந்து எடுத்துக்குங்க" என்பார். ஒரு தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை. அவருடைய இடத்துக்கு வந்தவர் எல்லாப் போத்தலையும் ஒரே இழுவையில் திறந்தார்.

அமெரிக்காவில் பல பாடசாலைகள் பொக் ஆட்டத்தைச் சூது என்று சொல்லித் தடைசெய்தன, வென்றவன் தோற்றவனின் அட்டையை எடுத்துக்கொள்கிறான் என்பதால். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நம் ஊரில் போளை அடித்த எந்தப் பிள்ளையும் இழந்துதான் பழகியது. பொக் ஆட்டத்தைக் கெடுத்தது வேறொன்று. ஒரு நிறுவனம் பெயரை வாங்கிப் பதிவுசெய்து, அட்டைகளையும் வட்டுகளையும் கடைகளில் குவித்தது. குப்பையிலிருந்து பொறுக்கித் தட்டி உருவாக்கவேண்டியது காசுக்குக் கிடைத்தது. எல்லோரிடமும் எல்லாம் இருந்தால் வெல்வதற்கு என்ன இருக்கிறது? சில வருஷங்களில் அந்த மோகம் அடங்கிப்போயிற்று.

மருமகனுக்கு மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினேன். நாலாம் நாள் ஒரே அடியில் ஏழு மலர்த்தினான். ஐந்தாம் நாள் அவனை ஒழுங்கை முனைக்குக் கூட்டிப்போனேன். சைவக் கடை இருந்த இடத்தில் இப்போது மாடிக்கட்டடம். பக்கத்துக் கடையில் சோடா முக்கால்வாசியும் பிளாஸ்டிக் போத்தலில், திருகுமூடியோடு நின்றது. குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஹைலண்ட் பால் கண்ணாடிப் போத்தலில் இருந்தது. கடைக்காரரிடம் திறப்பானைக் கேட்டு வாங்கி, இடப்பக்கம் ஒரு நெம்பு, பாதி சுற்று, வலப்பக்கம் ஒரு நெம்பு என்று காட்டினேன். முதல் இரண்டு மூடியையும் அவன் மடித்துவிட்டான். அதற்குப் பிறகு பிழைவிடவில்லை. நாளொன்றுக்கு ஒரு போத்தல் என்று கணக்கு.

போன சனிக்கிழமை புறப்பட்டான். உலோக வட்டை என் மேசையில் விட்டுவிட்டு, அந்தக் குழாய்க்குள் ஒன்பது பால் மூடிகளைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். எல்லாம் மடங்காதவை.