காரைநகர்க் கரையில் ஒரு பழம்படகு

பொன்னாலையிலிருந்து தாம்போதியைக் கடந்தால் காரைநகர். ஈழத்துச் சிதம்பரத்தையும் கசூரினாக் கடற்கரையையும் நாடி வருவோர் பலர். நாம் நாடியதோ, கரையேற்றப்பட்டிருந்த பழைய கண்ணாடிநார்ப் படகொன்றை. நோர்வேயின் உதவியோடு அத்தகைய படகுகளைக் கட்டிய சீநோர் அமைந்த ஊரல்லவா இது!

கண்ணாடிநார் உக்காது. மேற்றட்டின் வயிற்றிலே பொதிந்துள்ள ஒட்டுப்பலகையே உக்குகிறது. அதிலும் உப்புநீரைவிட மழைநீரே கொடியது. நீர் உட்புகத் திருகாணித் துளை ஒன்று போதும். தொழிலாளி சுத்தியலால் தட்டிக்கொண்டே சென்றார். 'டங்' என்ற ஒலி 'தொப்'பென மாறிய இடமெல்லாம் வெண்கட்டியாற் கோடிட்டார். மேற்றோலை அறுத்து நீக்கியபோது உள்ளே பலகையில்லை. நனைந்த தேயிலைச் சக்கை போன்ற கருஞ்சேறே இருந்தது. படகுக்காரர் முகம் வாடிற்று. நடுக்கடலில் அத்தட்டை நம்பிக் கால் ஊன்றியவர் அவரன்றோ?

ஈரம் முற்றாக உலர நாட்கள் பல சென்றன. அவசரப்பட்டு மூடுவது, புண்ணை ஆற்றாமல் தைப்பது போலாம். நாம் மீண்டும் சென்றபோது, புதுப்பலகையின் விளிம்புகளுக்கும் பிசின் பூசிப் பதித்து, மேலே நார்ப்பாயை விரித்து, உருளையாற் காற்றுக்குமிழிகளைப் போக்கிக்கொண்டிருந்தனர். பிசினுக்கு நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு ஊக்கி; வெயில் ஏறினால் அளவு குறையும். திருகாணித் துளைகளைப் பெரிதாக்கி, பிசினால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே மீண்டும் துளையிட்டமையே எம்மை மிகக் கவர்ந்தது. ஆணி இனிப் பலகையைத் தொடாது.

யாவும் இறுகியபின் படகுக்காரர் தட்டின்மேல் ஏறி, இருமுறை ஓங்கிக் குதித்துப் பார்த்தார்.