நாற்பத்தொன்றாம் நம்பர் பையன்

போன வருஷம் மார்ச்சில் இருந்து ஜூன் வரை அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில், மகன் வீட்டில் இருந்தோம். குளிர் விடவில்லை. வாக்கிங் போக முடியாமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு நாள் பேரன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். வயது பதினாறு.

“தாத்தா, நீங்க பி.டி. மாஸ்டர்தானே? ஒரு பிளேயருக்கு மார்க் போடணும். ஹெல்ப் பண்றீங்களா?”

முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதியவன் நான். ஆனால் அமெரிக்கக் கால்பந்து எனக்குச் சுத்தமாகப் புரியாது. முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், முட்டல், மோதல், அவ்வளவுதான் தெரியும். “சொல்லிக் கொடுத்தால் போடுகிறேன்” என்றேன்.

ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் அங்கே ‘டிராஃப்ட்’ நடக்கிறது. முப்பத்திரண்டு தொழில்முறை அணிகள், கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. ஏழு சுற்று, மூன்று நாள். போன தடவை மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. எந்தச் சுற்றில் ஒருவன் பெயர் வருகிறது என்பதைப் பொறுத்து அவன் சம்பளம்.

பேரன் சொன்ன பையன் ஒரு லைன்பேக்கர். பெயர் வேண்டாம், சின்னப் பையன். அவன் சட்டை எண் நாற்பத்தொன்று.

லைன்பேக்கர் என்றால் யார்? தடுக்கும் அணியின் முன்வரிசையில் மலை மாதிரி ஆட்கள் நிற்பார்கள். அவர்களுக்கு நாலைந்து கஜம் பின்னால் நிற்பவன் இவன். பந்து கிளம்பிய கணத்திலேயே எதிராளி பந்தோடு ஓடப் போகிறானா, எறியப் போகிறானா என்று இவன் கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டம் என்றால் முன்னே பாய்ந்து ஆளைச் சாய்க்க வேண்டும். எறிதல் என்றால் பின்வாங்கி, பந்தைப் பிடிக்க வருபவனோடு ஓட வேண்டும். மற்றவர்களுக்குக் குரல் கொடுத்து இடம் மாற்றுவதும் பெரும்பாலும் இவன்தான். 2008 முதல் தடுக்கும் அணியில் ஒருவர் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துக்கொள்ளலாம். பயிற்சியாளரின் குரலைக் கேட்கும் அந்த ஆளும் அநேகமாக லைன்பேக்கர்தானாம்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரே எண்கள். உயரம், எடை, கை நீளம், நாற்பது கஜ ஓட்டம், நின்ற இடத்தில் இருந்து தாவிய உயரம், 225 பவுண்டு எடையை, அதாவது நூறு கிலோவுக்கும் மேல், மல்லாந்து படுத்து எத்தனை தடவை தூக்கினான் என்பது. இதற்கென்றே வருஷா வருஷம் இண்டியானாபொலிஸில் ஒரு முகாம் கூட்டுகிறார்கள். அங்கே அழைப்பு வராதவர்களை அவரவர் கல்லூரியிலேயே அளப்பார்கள். நம் பையன் இரண்டாவது ரகம்.

“உயரம் ஆறடி கூட இல்ல தாத்தா. நல்ல லைன்பேக்கர்னா நாற்பது கஜத்தை 4.6 செகண்டுக்குப் பக்கத்துல ஓடணும். இவன் ஸ்லோ.”

“இதெல்லாம் இருக்கட்டும். அவன் ஆடுவதைக் காட்டு” என்றேன்.

அடுத்த பத்து நாள் அதே வேலை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்வேன். பேரன் பந்தைப் பார்த்தான். நான் பையனின் காலை மட்டும் பார்த்தேன். எதிரணியில் ‘கார்ட்’ என்று ஒரு தடியன் இருக்கிறான். அவன் முன்னால் பாய்ந்தால் ஓட்டம், நிமிர்ந்து பின்வாங்கினால் எறிதல். இது பாலபாடம். பந்தைக் கொடுப்பது போல் பாவனை காட்டி ஏமாற்றுவதும் உண்டு. பல பேர் அதில் விழுந்து முன்னால் ஓடிவிட்டு அசடு வழிவார்கள். நாற்பத்தொன்று பெரும்பாலும் விழவில்லை. அவனுடைய முதல் அடி சரியான திசையில்தான் இருந்தது. மெதுவாக ஓடுகிற பையன், வேகமானவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தான்.

குறையும் இருந்தது. பெரிய ஆள் ஒருவன் கையால் பிடித்துவிட்டால் உதறிக்கொண்டு வரத் தெரியவில்லை. பந்தைப் பிடிக்க விரிந்து ஓடுபவனைத் துரத்தினால் இரண்டு கஜம் பின்தங்கினான். இப்போதெல்லாம் எறிதல் ஆட்டமே அதிகம் என்பதால் அது சின்னக் குறை இல்லை. அதையும் எழுதச் சொன்னேன்.

பேரன் பழைய கதைகளைத் தேடி எடுத்து வந்தான். 2009-இல் ஆரன் கரி என்பவர். முந்தின வருஷம்தான் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது வாங்கியவர். உயரம், வேகம், ஆட்டம் எல்லாமே பொருந்தி இருந்தது. சியாட்டில் அணி நாலாவது ஆளாக எடுத்தது. 2011-லேயே வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். சாக் தாமஸ் ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. 1996-இல் ஐந்தாம் சுற்றில் 154-வது ஆளாகத்தான் மயாமி அவரை எடுத்தது. அந்த வருஷமே தொடக்க ஆட்டக்காரர் ஆகிவிட்டார். 2023-இல் புகழ் மண்டபத்தில் சேர்ந்தார். சாம் மில்ஸ் ஐந்தடி ஒன்பது அங்குலம். அவரை யாருமே எடுக்கவில்லை. இரண்டு அணிகள் முகாமோடு திருப்பி அனுப்பின. பள்ளிக்கூட வாத்தியாராகப் போனார். பிறகு வேறொரு லீகில் ஆடி, அங்கே பயிற்சியாளராக இருந்த ஜிம் மோரா நியூ ஆர்லியன்ஸ் அணிக்குப் போனபோது அவரோடு போனார். 2005-இல் இறந்துவிட்டார். 2022-இல் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள்.

வாத்தியார் என்று கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேரனிடம் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

1984. பள்ளிகளுக்கான கபடி அணித் தேர்வு. தேர்வுக் குழுவில் மூன்று பேர், நான்தான் இளையவன். கோடி முனையில் நின்று பிடிக்கிற பையன் ஒருவன் வந்திருந்தான். குட்டை. ஆனால் பாடி வருபவனின் இடுப்பு திரும்பும் முன்னே இவன் கால் நகர்ந்திருக்கும். அன்று ஐந்து பேரின் கணுக்காலைப் பிடித்தான். பெரியவர்கள் இருவரும் “உயரம் பத்தாது சார்” என்றார்கள். எனக்குத் தெரியும், அங்கே இருந்ததிலேயே அவன்தான் நல்ல பிடிகாரன் என்று. ஆனாலும் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டேன். சர்வீஸில் புதுசு, எதற்கு வம்பு என்ற நினைப்பு. விளையாட்டுச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் போலீஸிலோ ரயில்வேயிலோ நுழைய ஒரு வழி பிறந்த காலம் அது.

“அப்புறம் அவர் என்ன ஆனார் தாத்தா?”

“பத்தாவதோடு நின்றுவிட்டான். பதினைந்து வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வண்டியோடு பார்த்தேன். அவனேதான் ‘சார்’ என்று கூப்பிட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். பழத்துக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.”

“நீங்க சொன்னீங்களா?”

“இல்லை.”

பேரன் ஒன்றும் பேசவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அவன் நாற்பத்தொன்றுக்கு எழுதியிருந்தது ‘எடுக்க வேண்டாம்’. என் தீர்ப்பைக் கேட்டான். ஐந்தாம் சுற்று என்றேன். பரிதாபத்தில் போட்ட மார்க் இல்லை. துரத்தி ஓடும் வேகம் இல்லாததற்கு நாலு சுற்றுக் கீழே இறக்கினேன். முதல் அடிக்கு ஐந்தாவதிலேயே நிறுத்தினேன். அவன் அதைத் தன் தீர்ப்புக்குப் பக்கத்தில் எழுதி, ‘தாத்தா’ என்று போட்டான்.

டிராஃப்ட் மூன்று நாளும் டிவி முன்னால் இருந்தேன். மகளுக்கு ஃபோன் பேசக் கூட எழுந்திருக்கவில்லை என்று வீட்டுக்காரிக்குக் கோபம். ஐந்து, ஆறு, ஏழு சுற்றும் முடிந்தது. பெயர் வரவில்லை.

அன்று இரவு பேரன் மாடியில் இருந்து தடதடவென்று இறங்கி வந்தான். “தாத்தா, ஒரு டீம் அவனைக் கேம்புக்குக் கூப்பிட்டிருக்கு!” தேர்வாகாதவர்களையும் அப்படி அழைப்பது உண்டாம். முகாமில் தொண்ணூறு பேர், அதில் ஐம்பத்து மூன்று பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். ஆகஸ்டு கடைசியில் முடிவு.

ஜூனில் ஊர் திரும்பிவிட்டோம். ஏர்போர்ட்டில் பேரனிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்: “ஆகஸ்டில் என்ன ஆனாலும் ஃபோன் பண்ணு. ராத்திரி இரண்டு மணியானாலும் பரவாயில்லை.”