சாவி சட்டைப்பையில்

பைக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் மைலேஜ் பேசுவார்கள், பிக்கப் பேசுவார்கள், சைலன்சர் சத்தத்தைக்கூட ரசித்துப் பேசுவார்கள். செயினைப் பற்றி யாரும் ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை. என்ஜின் உண்டாக்குகிற சக்தி மொத்தமும் அந்தக் கறுத்த, பிசுபிசுத்த சங்கிலி வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது. ஆனாலும் சர்வீஸுக்கு விடும்போது, "அப்படியே செயினையும் கொஞ்சம் பாத்துருங்க" என்று கடைசியில்தான் சொல்கிறோம்.

இந்தச் செயினின் வடிவத்துக்கு வயது அதிகம். மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1880-ல் உருவாக்கியது. பக்கத் தகடுகள், நடுவில் பின், அதைச் சுற்றி புஷ், அதற்கு மேல் உருளும் ரோலர். அடிப்படையில் இவ்வளவுதான். இன்றைக்கு நம் வண்டியில் ஓடுவதும் இதன் வாரிசுதான்.

செயின் லூசானால் "இழுத்துக்கிச்சு" என்போம். உண்மையில் தகடு எதுவும் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்மானம் என்றால் கண்ணுக்கே தெரியாது. 100 கண்ணிகளுக்குக் கூட்டிப் பாருங்கள், 10 மில்லிமீட்டர். செயின் நீளமானது போலத் தெரிவது இதனால்தான். நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். எந்த வரியிலும் பெரிய தவறு இல்லாத ஒரு சிஸ்டம், வருஷக்கணக்கில் சேர்ந்த சின்னச் சின்ன அலட்சியங்களால் மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனாலோ என்னவோ இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் ஓட்டினால் உடனே. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, வண்டியை நியூட்ரலில் வைத்து, மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பல வண்டிகளின் செயினில் ஓ-ரிங் என்ற சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. தொழிற்சாலையில் உள்ளே வைத்த கிரீஸை வெளியே விடாமல் காப்பது அவைதான். பெட்ரோல் ஊற்றினாலோ கம்பி பிரஷ் போட்டாலோ முதலில் சாவது அந்த ரப்பர். பிறகு துணியால் துடைத்து, காய விட்டு, 90 கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ கீழ்ச் செயினின் உள்பக்கமாக விட வேண்டும். சக்கரம் சுற்றும்போது எண்ணெய் தானாக வெளிப்பக்கம் பரவிக்கொள்ளும். மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மண் வந்து ஒட்டி உப்புத்தாள் மாதிரி அறுக்கும். ஒர்க்‌ஷாப்பில் சும்மா கிடைக்கிற பழைய என்ஜின் ஆயில் வேண்டாம். கரியும் உலோகத் தூளும் அதற்குள்தான் இருக்கின்றன.

இதையெல்லாம் செய்ய ஒரு குறுக்குவழி உண்டு. வண்டியை ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு, ஐடிலில் ஓட விட்டுத் துணியைப் பிடித்தால் போதும், செயின் தானே சுற்றித் தானே துடைத்துக்கொள்ளும். ஈரோட்டில் தையற்கடை வைத்திருந்த என் சித்தப்பா அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பனியன் வேஸ்ட் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் மாட்டியது. துணியோடு வலது ஆள்காட்டி விரலும் போனது. முதல் கணு வரைக்கும்.

பிற்பாடு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பின் ஸ்பிராக்கெட்டில் 42 பல், ஒரு கண்ணிக்கு 12.7 மில்லிமீட்டர். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் செயின் 533 மில்லிமீட்டர் நகரும். ஐடிலில், முதல் கியரில், நொடிக்கு ஏறக்குறைய ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து என்று மூளைக்கு உறைத்து, கை அசையத் தொடங்க நமக்கு 0.2 நொடியாவது ஆகும். அதற்குள் செயின் 10 சென்டிமீட்டர் போயிருக்கும். என் ஆள்காட்டி விரலை அளந்தேன், 7 சென்டிமீட்டர். அதாவது, கையை இழுக்க வேண்டும் என்று தோன்றும்போது எல்லாம் முடிந்திருக்கும். 'உஷாரா இருந்தா ஒண்ணும் ஆகாது' என்கிற பேச்சுக்கு அந்த இடத்தில் அர்த்தமே இல்லை. எவ்வளவு உஷாரான ஆளும் 0.2 நொடிக்காரர்தான்.

தையல்காரருக்கு அந்த விரல் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மெஷின் ஊசிக்கு முன்னால் துணியை வழிநடத்துவது அதுதான். ஆறு மாதத்தில் சித்தப்பா நடுவிரலைப் பழக்கிக்கொண்டார். பேண்ட், சட்டை எல்லாம் தைத்தார். கையால் காஜா எடுப்பதை மட்டும் விட்டுவிட்டார். "அது இனி வராது, விடு" என்று ஒரே தடவை சொன்னார், அவ்வளவுதான்.

கையால் சக்கரத்தைத் தள்ளித் துடைத்தால் எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. என்ஜினை ஓட விட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். மிச்சமாகும் பதினைந்து நிமிடத்தை எதற்குச் செலவழிப்பேன் என்று யோசித்தால் உருப்படியாக எதுவும் தோன்றவில்லை. மெதுவாகச் சுற்றுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இறுகிப்போன கண்ணி, துருப்பிடித்த ரோலர், கொக்கி போல வளைந்த பல் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

ஊருக்குப் போகும்போது சித்தப்பாவின் வண்டிக்கும் நானே செய்கிறேன். அவர் முக்காலி போட்டு உட்கார்ந்து, இடது கையால் டயரைப் பிடித்துச் சுற்றிவிடுவார். நான் பிரஷ்ஷோடு குனிவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "சாவிய எடுத்துட்டியா கண்ணு?"

சட்டைப்பையைத் தட்டிக் காட்டுவேன். பார்த்த பிறகுதான் டயரில் கை வைப்பார்.