கஜாவும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியும்

வருமுன் காத்தலைப் பற்றி வள்ளுவர் பாடியதைப் பள்ளி விழாவில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். ஆனால் 2018-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் மாலை எங்கள் வீட்டில் நனையாத தீப்பெட்டி ஒன்றுகூட இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்!

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் சிற்றூர் வேதாரணியத்துக்குச் சற்று மேற்கே இருக்கிறது. கஜா புயல் வருகிறது என்று வானொலியும் தொலைக்காட்சியும் சில நாட்களாகவே எச்சரித்து வந்தன. "எத்தனை புயலைப் பார்த்தாச்சு! இதுவும் வேற எங்கேயாச்சும் கரை ஏறிடும்" என்றார் அப்பா. ஊரே அப்படித்தான் எண்ணியது.

நள்ளிரவுக்குப் பின் வடக்கிலிருந்து காற்று ஊளையிட்டு வந்தது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. அம்மா என்னையும் தங்கையையும் நெல் குதிருக்குப் பின்னால் தள்ளி அமர்த்தினாள். பிறகு திடீரென்று எல்லாம் அடங்கிற்று. அந்த அமைதி இருக்கிறதே, அதை என்னென்பது! கொட்டிலில் கட்டியிருந்த பசுவைப் பார்த்து வர அப்பா கதவின் தாழை நீக்கினார். அப்பாயி எழுந்து வந்து குறுக்கே நின்றார்.

"போவாதடா! பாதிதான் முடிஞ்சிருக்கு. தெக்கத்திக் காத்து பாக்கி இருக்கு."

1952-ஆம் ஆண்டுப் புயலைச் சிறுமியாகவும், 1977-ஆம் ஆண்டு நாகைப் புயலைக் கைக்குழந்தையுடனும் கண்டவர் அவர். (அந்தக் கைக்குழந்தைதான் என் தந்தை!) புயலின் கண் கடக்கும்போது காற்று ஓயும், கடந்தபின் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும் என்பதை நான் பின்னாளில் பூகோளப் பாடத்தில் படித்தேன். எழுத்தறியாத அப்பாயிக்கு அது அன்றே தெரிந்திருந்தது. சற்று நேரத்தில் தென்காற்று எழுந்தது. கொட்டிலுக்குப் போகும் பாதையின்மேல் இரண்டு தென்னைகள் விழுந்த ஓசையைக் கேட்டு அப்பா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பசு பிழைத்தது வேறு கதை.

விடிந்து பார்த்தால் எங்கள் நாற்பத்தாறு தென்னைகளில் நின்றவை மூன்று. மின்சாரம் திரும்ப முப்பத்தொரு நாள் ஆயிற்று. மின்சாரமின்றி மோட்டார் ஏது? மோட்டார் போட்ட பெருமையில் வாசல் அடிபம்பைப் பிடுங்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் தின்ற குடும்பம் எங்களுடையது! குடத்தைத் தூக்கிக்கொண்டு அரை மைல் நடந்தோம்.

அதைவிடப் பெருங்கவலை ஒன்று இருந்தது. அப்பா சர்க்கரை நோயாளி. குளிர்சாதனப் பெட்டியில் மூன்று இன்சுலின் குப்பிகள். பாதையெல்லாம் மரங்கள், மருந்துக் கடைக்குப் போக வழியில்லை. அம்மா அழத் தொடங்கினாள். அப்பாயி அழவில்லை. பெரிய மண்சட்டியில் ஈரமணல் நிரப்பி, நடுவில் சிறு பானையைப் புதைத்து, குப்பிகளைப் பாலிதீன் பையில் சுற்றி உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைத்தார். அந்த நாளில் வெற்றிலை வாடாமல் வைத்த முறையாம் அது. பின்னர் வந்த செவிலியர், "பிரிச்ச குப்பி ரொம்பச் சூடு படாம இருந்தா ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும். பிரிக்காததுக்கு இந்த மாதிரி பானை நல்லதுதான்" என்றார். அப்பாயி வெற்றிலையை மென்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறு ஆண்டு ஐப்பசியில் நான் 'ஆயத்த மந்திரி' ஆனேன். பட்டமளித்தது தங்கை, கேலிக்காகத்தான். சேர்த்த காசில் இரண்டு டஜன் மெழுகுவத்தி, பிஸ்கட், ஐந்து கிலோ ரவை, டார்ச் விளக்கு எல்லாம் வாங்கிப் பரணில் அடுக்கினேன். தை மாதம் இறக்கிப் பார்த்தால் மெழுகுவத்தியை எலி கடித்திருந்தது, ரவையில் வண்டு, டார்ச்சுக்குள் பாட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. அம்மாவிடம் வாங்கிய வசவை இங்கே எழுத இயலாது.

"திங்காத பண்டத்தை எதுக்குடா சேக்குறே?" என்றார் அப்பாயி. அன்றுதான் விஷயம் விளங்கிற்று. நாங்கள் அன்றாடம் உண்ணும் அரிசி, அவல், பொட்டுக்கடலை, வெல்லம் இவற்றையே ஒரு பங்கு கூடுதலாக வாங்கினோம். புதியது பின்னால், பழையது முன்னால். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று கணக்கிட்டு, ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர் பிடிக்க, 15 லிட்டர் குடங்கள் மூன்று மூடியோடு வைத்தோம். ரேஷன் அட்டை, பட்டா நகல், என் சான்றிதழ்கள், பத்தும் நூறுமாகச் சில்லறை நோட்டுகள், தீப்பெட்டி, பாட்டரி கழற்றிய டார்ச் எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் போயின. அடிபம்பு மட்டும் அப்பா தேங்காய்ப் பணத்தை இழந்திருந்ததால் மேலும் ஓராண்டு தள்ளிப்போயிற்று.

2020 நவம்பரில் நிவர் புயலுக்காகப் பெட்டியைத் திறந்து ஆயத்தமாக அமர்ந்திருந்தேன். அதுவோ வடக்கே மரக்காணம் பக்கம் கரையேறிவிட்டது! தெருவே சிரித்தது. அடுத்த வாரமே புரெவி வந்தது. காற்று பெரிதில்லை, மழை ஓயவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர், மூன்று நாள் இருட்டு. சிரித்தவர்களில் ஒருவரான எதிர்வீட்டு அத்தை சேலையை மடித்துக்கொண்டு வந்து, "தம்பி, தீப்பெட்டி இருக்கா?" என்றார். இரண்டாகக் கொடுத்தேன்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாயி விளக்கை அருகில் இழுத்துப் பெட்டியையும் பரணையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். பிறகு கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் சரி. வேதாரணியத்துல பொறந்துட்டு, உப்பு எங்கடா?"