எங்கள் வீட்டு வெள்ளையன்

'செல்லப் பிராணி' என்னும் சொல் எங்கள் தெருவில் வழக்கத்தில் இல்லை. அங்கே வளரும் ஒவ்வோர் உயிருக்கும் ஓர் உத்தியோகம் உண்டு. கோழி முட்டையிட வேண்டும். பூனை எலி பிடிக்க வேண்டும். ஆடு குட்டி போட்டு, பொங்கலுக்கோ பள்ளிக்கூடச் செலவுக்கோ கைகொடுக்க வேண்டும். நாய்க்கு உரிய வேலை காவல். இந்தக் கணக்கில், காது கேளாத நாய்க்கு என்ன உத்தியோகம் கொடுப்பது? நான் மேல்நிலை இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி இது.

இராஜபாளையம் நாயைப் பற்றி நண்பர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள், பழகியவரைத் தவிர வேறெவரையும் அண்டவிடாத குணம். ஒரு காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன இனம். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அந்நான்கில் ஒன்றாக நம் பக்கத்து நாயும் இடம்பெற்றது. அத்தகைய நாய் விசைத்தறித் தொழிலாளி வீட்டுக்கு எப்படி வரும்? விலை கொடுத்து வரவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் ஐந்து குட்டிகள் பிறந்தன. சோற்றுத் தட்டைத் தட்டினால் நான்கு குட்டிகள் ஓடிவரும். ஐந்தாவது, மற்றவை ஓடுவதைக் கண்ட பிறகே ஓடிவரும். சில நாட்கள் இதைக் கவனித்த அவர், அப்பாவைக் கூப்பிட்டு, "இது ரெண்டு காதும் கேக்காத குட்டி. வெலைக்குப் போகாது. வேணும்னா கொண்டு போங்க, இல்லேன்னா..." என்றாராம். அந்த 'இல்லேன்னா'வுக்குப் பின் அவர் என்ன சொன்னார் என்று அப்பா இன்றுவரை சொன்னதில்லை. அன்று மாலை மிதிவண்டியில் தொங்கிய சாக்குப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது.

அம்மாவுக்குக் கோபம். "காது கேக்காத நாய் என்னத்தக் காவல் காக்கும்? அதுக்கும் சேத்து நான் ஒல வைக்கணுமா?" என்றாள். அப்பத்தா குட்டியை மடியில் போட்டுக்கொண்டு வெள்ளையன் என்று பெயர் வைத்தாள். அன்று தொடங்கி நாள் ஒன்றுக்கு நூறு முறையாவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அப்படி ஒரு பெயர் தனக்கு இருப்பது அவனுக்குத் தெரியாது.

அவன் காது ஏன் கேட்கவில்லை என்பது கல்லூரியில் சேர்ந்து விலங்கியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கிற்று. ரோமத்துக்கு நிறம் தருகின்ற நிறமிச் செல்கள் உட்செவியிலும் இருக்கின்றன. அங்கே அவற்றின் வேலை வேறு. ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் மூழ்கியிருக்கும் திரவத்தில் பொட்டாசியம் குறையாமல் காப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. வெள்ளைக்குக் காரணமான சில மரபுக்கூறுகள் நிறமிச் செல்களை உட்செவிக்குச் சென்று சேர விடுவதில்லை. குட்டி பிறந்த சில வாரங்களிலேயே மயிர்ச் செல்கள் மடிந்துவிடுகின்றன. டால்மேஷியன் நாய்களிலும் இக்குறை மிகுதி. நீலக் கண்ணுடைய பூனைகள் செவிடாக இருப்பதை டார்வின் 1859இல் வெளியான தம் நூலிலேயே குறித்திருக்கிறார். வெள்ளைக் குட்டிகளையே தேர்ந்து தேர்ந்து வளர்த்து, நிறம் மாறிப் பிறந்தவற்றை ஒதுக்கிய மனிதன்தான் இதற்குப் பொறுப்பு என்பது என் எண்ணம். நாயா வெள்ளை வேண்டுமென்று கேட்டது? வெறிநோய்த் தடுப்பூசி போடச் சென்றபோது கால்நடை மருத்துவரும், "இது பரம்பரையாக வரும் குறை. இவனை இனப்பெருக்கத்துக்கு விடவேண்டாம்" என்றுதான் சொன்னார்.

அவனோடு வாழப் பழகுவது எளிதாக இல்லை. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வருவான். ஆகவே அருகில் சென்று தரையைத் தட்டவேண்டும், அல்லது மூக்கின் அருகே கையைக் காட்டி வாசனையால் எழுப்பவேண்டும். இரவில் மின்சாரம் நின்றுவிட்டால் அவனைக் கூப்பிட வழியே இல்லை. டார்ச் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினால் வருவான். வாசலில் யாரும் இல்லாதபோது அரைமணி நேரம் குரைப்பான். தபால்காரர் கூவிக் களைத்துத் திரும்பும்போது நிம்மதியாகத் தூங்குவான். எங்கள் பூனை அவன் முதுகுக்குப் பின்னால் நின்றே அவன் தட்டை நக்கிக் காலி செய்யும். அப்பாவியின் காதுக்கு எட்டாது என்பதை எல்லாருக்கும் முன்னதாகக் கண்டுபிடித்தது அந்தப் பூனைதான்.

ஆனால் தீபாவளி அன்று பார்க்க வேண்டும்! தெரு நாய்களெல்லாம் சாக்கடைக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் நடுங்கிக் கிடக்க, வெள்ளையன் திண்ணையில் கால் மேல் கால் போட்டு, சரவெடிக்கு நடுவே ஜமீன்தார் போல் படுத்திருப்பான். அப்பத்தாவுக்கும் காது மந்தம். இருவரும் அருகருகே அமர்ந்து, அவள் பாட்டுக்கு அவள் பேச, அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டில் அப்பத்தா சொல்வதை முழுதும் இருந்து கேட்பவன் அவன் ஒருவனே.

அவனுக்குப் பாடம் கற்றுக்கொடுத்தவர் அப்பா. கற்றுக்கொடுத்தார் என்று சொல்வதும் சரியன்று. எங்கள் ஊர்ப்பக்கம் விசைத்தறிகளில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். வரிசையாகத் தறிகள் ஓடும் கூடத்தில் ஒருவர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. அங்கே எல்லாம் கை ஜாடைதான். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் 'நிறுத்து'. இரண்டு விரலைக் கத்தரிபோல் அசைத்தால் 'நூல் அறுந்தது'. கட்டை விரலை வாயருகே கொண்டு சென்றால் 'டீ குடிக்கலாம்'. இருபத்தைந்து ஆண்டுகள் இந்த மொழியில் பேசிய அப்பா, நாயிடமும் இயல்பாக அதையே பேசினார். ஒரே மாதத்தில் வெள்ளையன் உள்ளங்கைக்கு நின்றான். கட்டை விரலுக்குத் தட்டை நோக்கி ஓடினான். டீ குடிக்கும் ஜாடை எங்கள் வீட்டில் சோற்று ஜாடையாயிற்று. அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு வந்து, தங்களுக்குள் 'டீ' என்று ஜாடை காட்டிக்கொண்டால் வெள்ளையன் துள்ளி எழுவான்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு நாள் காலை, வெளிக்கதவு திறந்து கிடந்தது. காற்றில் பறந்த ஒரு காகிதத்தைத் துரத்திக்கொண்டு வெள்ளையன் பெரிய ரோட்டுக்கே போய்விட்டான். எதிரே நூல் பண்டல் ஏற்றிய லாரி. ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டே வருகிறார், தெருவிலுள்ள எந்த நாயும் ஒதுங்கிவிடும் என்ற நம்பிக்கையில். நான், அம்மா, பக்கத்து வீட்டார் எல்லோரும் "வெள்ளையா, வெள்ளையா" என்று கத்துகிறோம். அப்பா மட்டும் கத்தவில்லை. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவி, நாயின் கண்ணுக்கு நேராகச் சுழற்றி எறிந்தார். துண்டு அவன் முன்னே விழுந்தது. அவன் திரும்பினான். அப்பா உள்ளங்கையை விரித்துக் காட்டினார், அப்படியே நின்றான். லாரி அவனுக்கு ஒரு முழ தூரத்தில் கடந்து போயிற்று. அம்மா அன்று அவனுக்கு வைத்த சோற்றில் தயிர் அதிகம் இருந்தது. உத்தியோகக் கேள்வியை அவள் அதன் பிறகு எழுப்பியதில்லை.

இந்த நிகழ்ச்சியில் என் மனத்தை உறுத்தியது வேறொன்று. லாரியின் ஹாரனைக் கேட்டு நாங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தோம். வாசலிலேயே நின்றிருந்த அப்பா, எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வாரம் எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் உட்செவியின் படத்தை வரைந்தார். மனிதனின் ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள். பேரொலியில் நாள்தோறும் நின்றால் அவை சிறுகச் சிறுக மடியும். பறவைகளுக்கு அவை மீண்டும் முளைக்கின்றன. பாலூட்டிகளின் காதில் அப்படி முளைப்பதில்லை. எங்கள் வீட்டுக் கோழிக்குக் காது போனால் திரும்பி வரும். வெள்ளையனுக்கு வராது, அப்பாவுக்கும் வராது. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு வகுத்திருக்கும் எல்லை 90 டெசிபல். தறிகள் ஓடும் கூடத்தில் ஒலி அதைத் தாண்டிவிடுகிறது. அப்பாவின் ஷிப்டோ பெரும்பாலான நாட்களில் 12 மணி நேரம். எங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் புத்தகத்தில் பார்த்த முதல் ஆள் நான். அதை வீட்டில் எப்படிச் சொல்வது? நாயின் காதைப் பற்றிச் சொல்வது போலத் தொடங்கி, ஒருவாறு சொல்லி முடித்தேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ நானும் வெள்ளையனும் ஒரே சாதிதான்னு சொல்லு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், அம்மா சிரிக்கவில்லை.

நகரத்தில் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வச்சா தறி என்ன சொல்லுதுன்னு எப்படிடா தெரியும்? நூல் அறுந்தா, நாடா சிக்குனா, சத்தம்தான் முதல்ல மாறும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. துணியில் ஓட்டை விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள். மெத்தென்று இருக்கவே, அந்த ஜோடியை வெள்ளையன் இரவோடிரவாகக் கடித்துத் துப்பிவிட்டான். மறு வாரம் இன்னொரு ஜோடி வாங்கி, அவன் எட்டாத மாடத்தில் வைத்தேன். இப்போது அதில் ஒன்றை மட்டும் அப்பா வேலைக்கு எடுத்துச் செல்கிறார். "இடது காது தறிக்கு, வலது காது வீட்டுக்கு" என்கிறார். மற்றதையும் மாட்ட வைக்க அப்பத்தாவும் அம்மாவும் நானும் மூன்று பக்கமாக முயன்றுகொண்டிருக்கிறோம். மாடத்திலிருந்து அதை எடுத்து அவர் கையில் கொடுக்கும்போதெல்லாம், வெள்ளையன் அது தனக்குத்தான் என்று வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்.